வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்கு அப்டேட் வந்திருக்கிறதா? பொத்தானை அழுத்தும் முன் செய்ய வேண்டியவை

எடிட்டிங் மென்பொருளைத் திறந்தவுடன் திரையின் ஓரத்தில் 'புதிய பதிப்பு தயார்' என்று ஒரு சிறு பெட்டி எழும்புகிறது. புதிதாக எடிட்டிங் கற்பவர்களில் பலர் அதைப் பார்த்த கையோடு அழுத்திவிடுகிறார்கள். சிலரோ ஒருமுறை சூடுபட்டுவிட்டு, அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் அந்தப் பக்கமே போவதில்லை. இரு சாராரும் தங்களைக் கேட்டுக்கொள்வது 'புதிய பதிப்பு நல்லதா, கெட்டதா' என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: போட்ட பிறகு ஒத்துவராவிட்டால், பழையபடி வேலையைத் தொடர எனக்கு வழி இருக்கிறதா? இதற்கு 'இருக்கிறது' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் துணிந்து அப்டேட் செய்யலாம். முடியாவிட்டால், பட்டியலில் எவ்வளவு கவர்ச்சியான வசதி இருந்தாலும் பொறுத்திருப்பதே நல்லது.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

பிரவுசரை அப்டேட் செய்தால் நாம் பார்க்கும் இணையதளங்கள் மாறிவிடுவதில்லை. எடிட்டிங் மென்பொருள் அப்படியல்ல. நீங்கள் சேமிக்கும் புராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ எதுவும் கிடையாது. எந்த கிளிப், எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை, எந்தத் தடத்தில், என்ன எஃபெக்ட், எவ்வளவு ஒலி என்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கின்றன. அந்தக் குறிப்புகளை எழுதும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறும். புதிய பதிப்பு பழைய குறிப்பைப் படித்துவிடும். பழைய பதிப்புக்குப் புதிய குறிப்பு பெரும்பாலும் புரியாது.

அடோபியின் பிரீமியரில் பழைய புராஜெக்டைப் புதிய பெரிய பதிப்பில் திறந்தால், 'மாற்றித் திறக்க வேண்டும்' என்று கேட்டு, வேறு பெயரில் ஒரு பிரதி எழுதும். மூலக்கோப்பு அப்படியே இருக்கும் என்பது ஆறுதல்தான். ஆனால் அந்தப் பிரதியில் நீங்கள் செய்யும் வேலை எதுவும் பழைய பதிப்புக்குத் திரும்பாது. டாவின்சி ரிசால்விலும், புதிய பெரிய பதிப்பில் திறந்து சேமித்த புராஜெக்டைப் பழைய பதிப்பு ஏற்காது. ஆப்பிளின் ஃபைனல் கட் புரோ, புராஜெக்டுகளை லைப்ரரி என்ற ஒரே தொகுப்பாக வைத்திருக்கிறது; 'லைப்ரரியைப் புதுப்பிக்கவா' என்று கேட்கும். சம்மதித்தால் அந்த லைப்ரரி புதிய பதிப்புக்கு மட்டுமே உரியது. இலவச மென்பொருளும் இதற்கு விலக்கல்ல. கேடென்லைவ் தன் 20.08 பதிப்பில் தசமப் புள்ளி, காற்புள்ளிக் குழப்பத்தைச் சரிசெய்யப் புராஜெக்ட் கோப்பின் அமைப்பையே மாற்றியது. மாற்றம் தேவையானதுதான். ஆனால் அதில் உருவாக்கிய புராஜெக்டுகள் முந்தைய பதிப்புகளில் திறக்கவில்லை.

இந்தச் சிக்கலின் உச்சம் 2011 ஜூனில் வந்தது. ஆப்பிள் அப்போது வெளியிட்ட ஃபைனல் கட் புரோ எக்ஸ், முந்தைய ஃபைனல் கட் புரோ 7 புராஜெக்டுகளைத் திறக்கவே இல்லை. அது அப்டேட் என்பதைவிடப் புதிதாக எழுதப்பட்ட வேறொரு மென்பொருள் என்பதே பொருத்தம். பழையதை விற்பனையிலிருந்து எடுத்த நிறுவனம், தொழில்முறை எடிட்டர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதை மீண்டும் விற்கத் தொடங்கியது. ஒரே பெயர் இருந்தால் பழைய வேலை தானாகத் தொடரும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

முதல் வேலை: தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள்

முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால்தானே மேற்கொண்டு பேச முடியும்? அடோபியின் மென்பொருள்களை நிறுவித் தரும் கிரியேட்டிவ் கிளவுட் செயலியின் அமைப்புகளில் தானியங்கி அப்டேட்டுக்கான தேர்வு இருக்கிறது. எடிட்டிங் மென்பொருளுக்காவது அதை அணைத்து வையுங்கள். மேக் கணினியில் ஆப் ஸ்டோர் வழியாக ஃபைனல் கட் வாங்கியிருந்தால், ஆப் ஸ்டோரின் அமைப்புகளிலும் இதே தேர்வு உண்டு. லினக்ஸில் எல்லா மென்பொருளையும் ஒரே கட்டளையில் புதுப்பிக்கும் வழக்கம் இருப்பதால், அதோடு சேர்ந்து எடிட்டிங் மென்பொருளும் மாறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மொபைலில் எடிட் செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆப் ஸ்டோரோ பிளே ஸ்டோரோ பழைய பதிப்பை எடுத்துக்கொள்ள நேரான வழி தருவதில்லை. 'நீக்கிவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் உடனே கேட்டுவிடாதீர்கள். பல செயலிகளில் முடிக்காத வரைவுகள் போனுக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. செயலியை நீக்கினால் அவையும் சேர்ந்து போய்விடும். முடிந்த வீடியோக்களையாவது முழுத் தரத்தில் எக்ஸ்போர்ட் செய்து வெளியே எடுத்து வைத்த பிறகே செயலியில் கை வையுங்கள்.

கையில் இருக்கும் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

பாதி எடிட்டில் இருக்கிறீர்கள் என்றால், ஒப்படைக்க வேண்டிய தேதி நெருங்குகிறது என்றால், பதில் 'வேண்டாம்'. இதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை. ஒரு புராஜெக்டை எந்தப் பதிப்பில் தொடங்கினோமோ அதே பதிப்பில் முடிப்பது தொழில்முறை எடிட்டர்களிடையே நிலைத்துவிட்ட பழக்கம். வசதிகள் குறைவாக இருந்தாலும், பழகிய பதிப்பின் குறைகள் உங்களுக்குத் தெரியும். எங்கே தடுமாறும், எதைச் செய்தால் நின்றுபோகும் என்று தெரிந்து அதைச் சுற்றி வேலை செய்யப் பழகியிருப்பீர்கள். புதிய பதிப்பின் குறைகளை நீங்கள் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவசர வேலையின் நடுப்பகுதி ஏற்ற நேரமல்ல.

இதற்கு மூன்று விதிவிலக்குகளை ஒப்புக்கொள்கிறேன். உங்களை இப்போது வேலை செய்யவிடாமல் தடுக்கும் ஒரு பிழை, புதிய பதிப்பில் சரிசெய்யப்பட்டிருப்பதாக அதன் குறிப்பிலேயே எழுதியிருப்பது ஒன்று. புதிய கேமராவின் கோப்பு வகையை உங்கள் பதிப்பு திறக்கவே மறுப்பது இன்னொன்று. கேமரா பதிந்த தகவலை அதிகம் பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா வடிவங்கள் புதிதாக வரும்போது இது அடிக்கடி நடக்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. எடிட்டிங் மென்பொருளுக்குப் பாதுகாப்பு அப்டேட் எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். வீடியோ, ஆடியோ, படக் கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் நிரல்பகுதியில் ஓட்டை இருந்தால், அதற்கென்றே வடிவமைத்த ஒரு கோப்பைத் திறந்ததும் கணினிக்குள் தீய நிரல் ஓடக்கூடும். பிரீமியர் உள்ளிட்ட தன் மென்பொருள்களுக்கு அடோபி பாதுகாப்பு அறிக்கைகள் வெளியிடுவது இதனால்தான். முகம் தெரியாதவர்களிடமிருந்து கிளிப்புகளும் டெம்ப்ளேட்டுகளும் வாங்கிப் பயன்படுத்துபவர்கள் இந்த வகை அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

பதிப்பு எண் என்ன சொல்கிறது?

பெரும்பாலான மென்பொருள்களில் எண் மூன்று பகுதிகளாக இருக்கும். 19.1.2 என்றால், 19 பெரிய பதிப்பு, 1 இடைப்பட்ட மேம்பாடு, 2 பிழைத்திருத்தம். கடைசி எண் மட்டும் மாறியிருந்தால் ஆபத்து குறைவு. பேக்கப் எடுத்துக்கொண்டு போடலாம். முதல் எண் மாறியிருந்தால் புராஜெக்ட் கோப்பின் அமைப்பும் மாறியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பதிப்பு வந்தவுடன் போடாமல், அதன் முதல் அல்லது இரண்டாவது பிழைத்திருத்தம் வரும்வரை காத்திருப்பது என் பரிந்துரை. வெளியான உடனே போட்டவர்கள் கண்டுபிடித்துச் சொல்லும் பிழைகள் அந்தத் திருத்தங்களில்தான் சரியாகின்றன.

'பீட்டா' என்ற சொல் எங்காவது ஒட்டியிருந்தால், அது சோதனைக்கான பதிப்பு. பிளாக்மேஜிக் நிறுவனம் ரிசால்வின் பெரிய பதிப்புகளை வழக்கமாக ஏப்ரலில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடக்கும் என்ஏபி என்ற ஒளிபரப்புத் துறைக் கண்காட்சியை ஒட்டிப் பொது பீட்டாவாக வெளியிடுகிறது. அந்த அறிமுகத்தைப் பார்த்து உற்சாகத்தில் அன்றே போட்டுவிடும் புதியவர்கள் ஏராளம். ரிசால்வில் பீட்டாவை நிறுவினால் ஏற்கெனவே இருக்கும் பதிப்பின் மேலேயே அது உட்கார்ந்துகொள்ளும். பிரீமியரின் பீட்டா அப்படியல்ல. தனிச் செயலியாகப் பக்கத்தில் நிற்கும். சொந்த ஆர்வத்துக்கு முயன்று பார்க்கலாம், இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டிய வேலைக்கு மட்டும் பீட்டா வேண்டாம்.

வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கும் முறை

ஒவ்வொரு அப்டேட்டோடும் ஒரு வெளியீட்டுக் குறிப்பு வரும். புதிய வசதிகள் எப்போதும் மேலே, படங்களோடு இருக்கும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் கீழே இருக்கிறது. அதனால் அடியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். 'அறியப்பட்ட பிரச்சினைகள்' என்ற பகுதியில், நீங்கள் தினமும் தொடும் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, சரிசெய்யப்பட்ட பிழைகளின் பட்டியல்: உங்களை உறுத்திக்கொண்டிருந்தது அதில் உண்டா? பிறகு, குறைந்தபட்சக் கணினித் தேவை. இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு வேண்டும், எவ்வளவு நினைவகம் வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டுக்கு எந்த டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கும். கடைசியாக, நீக்கப்பட்ட வசதிகள். இதை யாரும் பார்ப்பதே இல்லை. நீங்கள் நம்பியிருக்கும் ஒரு பழைய எஃபெக்டோ கோப்பு வடிவமோ சத்தமில்லாமல் விடைபெற்றிருக்கலாம்.

பிளக்-இன், அதாவது எடிட்டிங் மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவி, பயன்படுத்துபவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். எடிட்டிங் மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் வேறு, பிளக்-இன் எழுதியவர் வேறு. உங்கள் பழைய புராஜெக்டுகளில் அதிகம் வரும் பிளக்-இன்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் தளத்திலும் புதிய பதிப்பில் இயங்கும் என்று அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றே ஒன்று தயாராக இல்லாவிட்டாலும், அது உங்கள் நிறத்திருத்தத்துக்கோ இரைச்சல் நீக்கத்துக்கோ அடிப்படையானது என்றால், காத்திருங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள்

எடிட்டிங் மென்பொருள், கிராஃபிக்ஸ் டிரைவர், இயங்குதளம் ஆகிய மூன்றையும் ஒரே மாலையில் புதுப்பித்துவிட்டு மறுநாள் திரை கறுத்துப்போனால், குற்றவாளி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒன்றை மாற்றுங்கள், சில நாள் வேலை செய்யுங்கள், பிறகு அடுத்ததை மாற்றுங்கள். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள், விளையாட்டுகளுக்கான டிரைவரைவிட, படைப்புப் பணிகளுக்கென்று அந்த நிறுவனம் தனியாகத் தரும் ஸ்டுடியோ டிரைவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மூன்றில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று கேட்டால், இயங்குதளத்துக்கு என்பேன். எடிட்டிங் மென்பொருளைத் திரும்பப் பழைய பதிப்புக்குக் கொண்டுவருவது ஒரு மணி நேர வேலை. இயங்குதளத்தைத் திருப்புவது கணினியையே துடைத்து எழுப்பும் வேலை. 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்தியது. ஆப்பிளின் பழைய வீடியோ மென்பொருளான குயிக்டைம் சார்ந்த சில வீடியோ வடிவங்களும் அதோடு திறக்காமல் போயின. அதுவரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கருவிகள் ஓர் இரவில் பயனற்றுப் போயின.

பேக்கப்: இந்தப் படியை மட்டும் தாண்டவே கூடாது

இங்கே பேக்கப் என்றால் மூன்றைச் சொல்கிறேன்: புராஜெக்ட் கோப்புகள், உங்கள் அமைப்புகள், பழைய மென்பொருளின் நிறுவல் கோப்பு. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ரிசால்வில் புராஜெக்ட் மேனேஜரைத் திறந்து, முக்கியமான ஒவ்வொரு புராஜெக்டையும் வலது சொடுக்கில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். டிஆர்பி (.drp) என்ற முடிவுடன் சிறு கோப்பு கிடைக்கும். அதோடு நிறுத்தாமல் புராஜெக்ட் லைப்ரரி முழுவதையும் பேக்கப் எடுங்கள். 17 வரையான பதிப்புகளில் இதே பகுதி டேட்டாபேஸ் என்ற பெயரில் இருந்தது. பழைய நிறுவல் கோப்பைப் பிளாக்மேஜிக்கின் சப்போர்ட் பக்கத்திலிருந்து பதிவிறக்கிப் பத்திரப்படுத்துங்கள்; பழைய பதிப்புகளையும் அங்கே வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

பிரீமியரில் வேலை எளிது, ஒரு கண்ணி மட்டும் உண்டு. கிரியேட்டிவ் கிளவுடில் பெரிய பதிப்பை நிறுவும்போது கூடுதல் தேர்வுகளைத் திறந்து பாருங்கள். 'பழைய பதிப்புகளை நீக்கு' என்ற கட்டத்தில் குறியிருந்தால் எடுத்துவிடுங்கள். அப்போது பழைய பெரிய பதிப்பும் புதியதும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பாதியில் இருக்கும் வேலையைப் பழையதிலும் புதிய வேலையைப் புதியதிலும் செய்யலாம். முந்தைய அமைப்புகளைப் புதியதற்குக் கொண்டுவரும் தேர்வும் அங்கேயே இருக்கிறது.

ஃபைனல் கட்டுக்கு ஆப்பிளே ஒரு வழி சொல்கிறது. அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்குள் பழைய பதிப்பின் எண்ணைப் பெயராக வைத்து ஒரு புதிய கோப்புறை உருவாக்குங்கள். செயலியைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கில் 'கம்ப்ரெஸ்' செய்து, கிடைக்கும் ஜிப் கோப்பை அந்தக் கோப்புறைக்குள் போட்டுவிடுங்கள். அப்டேட் வந்து மூலச் செயலியை மாற்றிவிட்டாலும், ஜிப்புக்குள் இருக்கும் பழையது தொடப்படாமல் இருக்கும். லைப்ரரிகளைத் தனியாக வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள்.

லினக்ஸில் கேடென்லைவ் பயன்படுத்துபவர்களுக்கு ஆப்இமேஜ் பெரிய வரம். ஒவ்வொரு பதிப்பும் நிறுவத் தேவையில்லாத ஒற்றைக் கோப்பு. பழையதை அழிக்காமல் வைத்திருந்தால் போதும். ஷாட்கட் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளும் விண்டோஸுக்கு நிறுவத் தேவையில்லாத ஜிப் வடிவில் கிடைக்கிறது.

உங்கள் மென்பொருள் அனுமதித்தால், முக்கியமான டைம்லைன்களை, வேறு மென்பொருள்களும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் வடிவிலும் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். எஃபெக்டுகளும் தலைப்புகளும் அதில் முழுதாக வராது. வெட்டுகளும் வரிசையும் வரும். எதுவுமே திறக்காத நாளில் அது பெரிய துணை.

நிறுவிய பிறகு சோதனை

உங்கள் மென்பொருள் அனுமதித்தால் புதியதைப் பழையதன் பக்கத்தில் நிறுவுங்கள். அனுமதிக்காவிட்டால், ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும் முன் கிடைக்கும் இடைவெளியில் நிறுவுங்கள். நிறுவல் கோப்பை நிறுவனத்தின் தளத்திலிருந்தோ அதன் செயலியிலிருந்தோ மட்டும் எடுங்கள். இணையத்தில் உலவும்போது 'உங்கள் வீடியோ மென்பொருள் காலாவதியாகிவிட்டது' என்று மிரட்டும் பெட்டிகளை மூடிவிடுங்கள். தீய நிரலைக் கணினிக்குள் கொண்டுவரும் மிகப் பழைய வழிகளில் அதுவும் ஒன்று.

சோதனைக்கு, முடிந்துபோன ஒரு புராஜெக்டின் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும் புராஜெக்டாக அது இருக்கட்டும்: தமிழ்த் தலைப்புகள், நிறத்திருத்தம், வேக மாற்றம், பிளக்-இன், பல தட ஒலி. தமிழ்த் தலைப்புகளைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பகுதியில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் 'கொ' என்பதில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று பிரிந்து நிற்கும். புள்ளிகள் எழுத்தை விட்டு நகரும். தலைப்புகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

பிறகு அப்டேட்டுக்கு முன் எக்ஸ்போர்ட் செய்த ஒரு பகுதியையும், அதே பகுதியைப் புதிய பதிப்பில் எக்ஸ்போர்ட் செய்ததையும் ஒரு டைம்லைனில் மேலும் கீழுமாக அடுக்குங்கள். இரண்டும் ஒரே ஃபிரேமில் தொடங்க வேண்டும். மேலே இருக்கும் கிளிப்பின் பிளெண்ட் மோடை (கீழே இருப்பதோடு அது கலக்கும் முறை) 'டிஃபரன்ஸ்' என்று மாற்றுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் திரை முழுக்கக் கறுப்பாக இருக்கும். ஏதாவது ஓரிடத்தில் உருவத்தின் விளிம்போ நிறமோ தெரிந்தால், அங்கே புதிய பதிப்பு எதையோ வேறு விதமாகக் கணக்கிடுகிறது. அதிகம் சுருக்கிய வடிவில் எக்ஸ்போர்ட் செய்தால் மெல்லிய புகைச்சல் தெரிவது இயல்பு. அதனால் இந்தச் சோதனைக்கு புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற தரமான வடிவங்களைப் பயன்படுத்துங்கள். நிறத்தில் சிறு வேறுபாட்டைக் கண்ணால் பிடிப்பது கடினம்; இந்த முறை அதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும்.

ஒலியைக் கண்ணை மூடிக்கொண்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் முறை ஓட்டும்போது திணறினால் பதற வேண்டாம். தடையின்றி ஓட்டுவதற்காக முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பழைய ரெண்டர் கோப்புகள் செல்லாமல் போயிருக்கும், மென்பொருள் அவற்றைப் புதிதாக உருவாக்கிக்கொண்டிருக்கும். அது முடிந்த பிறகும் திணறல் தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

குழுவாக வேலை செய்பவர்கள் தனியாக இந்த முடிவை எடுக்கக் கூடாது. ஒருவர் புதிய பதிப்பில் சேமித்துவிட்டால் மற்ற எல்லோரும் வெளியே நிற்க வேண்டியதுதான். நாளைக் குறித்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாக மாறுங்கள். நிறத்திருத்தத்துக்கோ ஒலிக்கோ வெளியே ஆள் வைத்திருந்தால் அவர்கள் எந்தப் பதிப்பில் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

திரும்பிவர வேண்டியிருந்தால்

முதலில், புதிய பதிப்பில் ஏதாவது வேலை செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால், புதியதை நீக்கி, பத்திரப்படுத்திய பழைய நிறுவல் கோப்பை ஓட்டி, பேக்கப் எடுத்த புராஜெக்டுகளைத் திறந்தால் போதும். வேலை செய்திருந்தால் அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். புதிய பதிப்பு இருக்கும்போதே, மென்பொருள் அனுமதித்தால், அந்த டைம்லைனை எக்ஸ்எம்எல் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க முழு வீடியோவையும் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எஃபெக்டுகளின் மதிப்புகளை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வையுங்கள். பிறகு பழையதைப் போட்டு, எக்ஸ்எம்எல்லைத் திறந்து, அந்த வீடியோவைக் கீழ்த் தடத்தில் வைத்துக்கொண்டு விடுபட்டவற்றை ஒவ்வொன்றாக மீட்டெடுக்கலாம்.

எல்லாம் நன்றாகவே போனாலும், பழைய நிறுவல் கோப்பையும் பேக்கப்பையும் உடனே அழிக்க வேண்டாம். புதிய பதிப்பில் ஒரு முழு வேலையைத் தொடங்கி, முடித்து, ஒப்படைத்து, திருத்தங்களும் வந்து போன பிறகு டிஸ்க்கில் இடம் தேவைப்பட்டால் நிறுவல் கோப்பை அழியுங்கள். புராஜெக்ட் பேக்கப்பை அப்போதும் வைத்திருங்கள். புராஜெக்ட் கோப்புகள் பெரும்பாலும் சில மெகாபைட்டுகள்தான்.